அலகுக்கும் ஓர் இடம்

அன்புள்ள தங்கைக்கு,

முதல் ஆய்வேட்டை லேடெக்கில் அச்சுக்கோக்கத் தொடங்கியிருக்கிறாய். மகிழ்ச்சி. குறியீட்டுப் பட்டியலில் அலகையும் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் சேர்.

கெலாங் பாத்தா வழியே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைப் பார்த்திருப்பாய். அடுத்த முறை ஒரு கொள்கலனின் கதவைப் படித்துப் பார். 30,480 என்றிருந்தால் பக்கத்திலேயே கிலோகிராம் என்றிருக்கும். அதன் கீழே அதே எடை, 67,200 பவுண்டு என்று. எந்த நாட்டில் இறக்கினாலும் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அலகு கூட வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1983இல் ஏர் கனடா விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரில் முன்னாள் விமானப்படைத் தளம் ஒன்றில் சறுக்கி இறங்கியது. எரிபொருள் நிரப்பும்போது லிட்டரைக் கிலோகிராமாக்க ஏறக்குறைய 0.8ஆல் பெருக்கியிருக்க வேண்டும், 1.77ஆல் பெருக்கியிருந்தார்கள். 1.77 பிழையான எண் அல்ல, பவுண்டுக்கு உரிய எண். அதன் அலகு அதனோடு வரவில்லை, அவ்வளவுதான். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். விளக்கத்தின் வாலில் அடைப்புக்குறி போட்டு அலகை ஒட்டவைக்காதே. லேடெக்கின் நோமென்க்ல் தொகுப்பில் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நாம் வேண்டியதைச் சேர்க்க வழி உண்டு. அலகை வலது ஓரத்துக்குத் தள்ளும் சிறு கட்டளை ஒன்றை எழுதி, அங்கே பொருத்து. பட்டியல் நீளமானால் குளோசரீஸ் தொகுப்புக்கு மாறி, அலகுக்கென்று தனிப் புலமே வைத்துக்கொள்.

அலகின் எழுத்து எப்போதும் நேராக நிற்கட்டும். கணியத்தின் குறியீடு சாயட்டும். சாய்ந்த 'எம்' நிறை, நேரான 'எம்' மீட்டர். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டையும் சாய்த்துவிட்டு, ஒரு பட்டியல் முழுவதையும் திரும்பக் கோத்தேன். எஸ்ஐயுனிட்எக்ஸ் தொகுப்பிடம் அலகை ஒப்படைத்தால் இந்தக் கவலை இல்லை.

ரெனால்ட்ஸ் எண்ணுக்கு அலகு கிடையாது. அதற்காக அந்த இடத்தை வெறுமையாக விடாதே. ஒரு கோடு போடு. வெற்றிடத்தைப் பார்ப்பவர் மறதி என்று நினைப்பார். கோட்டைப் பார்த்தால் யோசித்தே போட்டது என்று அறிவார்.

கடைசியாக, பட்டியலை மட்டும் தாளில் எடுத்து ஆய்வாளரிடம் கொடு. ஒவ்வொரு அலகையும் அவரே சரிபார்க்கட்டும். இருபது ஆண்டு கழித்து நூலகத்தில் அந்த ஏட்டைத் திறப்பவருக்குப் பக்கத்தில் அவரும் இருக்கமாட்டார், நீயும் இருக்கமாட்டாய். அந்தப் பட்டியல்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா
கெலாங் பாத்தா