எடைக் குறைப்பும் உணவு இன்பமும்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் உணவைப் பகையாகக் கருதுதல் தகாது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்னும் விஞ்ஞானி நடத்திய பரிசோதனை இதனைத் தெளிவாக்குகிறது. நல்ல உடல்நலமுடைய 36 இளைஞர்கள் தாமே முன்வந்து இதில் பங்கு கொண்டனர். 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், மகிழ்ச்சியும் குன்றியது. எண்ணமெல்லாம் உணவையே சுற்றியது. சிலர் சமையல் நூல்களை ஓயாது படித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பலருக்குப் பசி அடங்கவில்லை.

ஆகவே, பட்டினி வேண்டா. சோற்றைச் சிறிது குறைத்துக் காய்கறியைக் கூட்டுக. சுற்றத்தாருடன் உரையாடி, சுவைத்து உண்க. விருந்தில் ஒருநாள் இனிப்பு மிகுந்துவிடின் வருந்துவானேன்? அடுத்த வேளை வழக்கம்போல் உண்டால் போதும்.