கரும்புச் சாறும் திரவமானியின் அளவுகோல்களும்

கரும்பு வெட்டுப் பதம் அடைந்ததா என்பதை நட்ட மாதக் கணக்கும் தோகையின் நிறமும் ஓரளவே தெரிவிக்கும். சாற்றில் திரவமானியை மிதக்கவிட்டுப் பார்த்தால் ஐயம் பெரிதும் நீங்கும். ஆயினும் கோல் எதுவென்று அறியாமல் எண்ணை மட்டும் வாசிப்பவர், பார்க்காதவரைக் காட்டிலும் அதிக நஷ்டம் அடையக் கூடும்.

கருவி எளியது. அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழாய். மேலே மெல்லிய தண்டு. அதனுள் கோடிட்ட காகிதம். திரவத்தில் கரைந்த பொருள் மிகுந்தால் தண்டு மேலே எழும்பும். வியாபாரத்தில் கிடைப்பவற்றுள் பீர் வடிப்போருக்கென்று செய்தவையும் உள்ளபடியால், ஒரே தண்டில் இரண்டு மூன்று கோல்கள் இருத்தல் உண்டு. முதலாவது ஒப்படர்த்தி, இதில் தண்ணீர் 1.000. இரண்டாவது பிரிக்ஸ். நூறு பங்கு எடையுள்ள சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை எத்தனை பங்கு என்பதை இது நேரே கூறும். நமக்கு வேண்டியது இதுவே. சாராயச் சதவீதம் என்று மற்றொரு கோல் காணப்பட்டால் அதை விட்டுவிடலாம். அது புளிப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்து வித்தியாசம் காண்பதற்கு உரியது.

ஏமாற்றுவது போமே கோல். பிரெஞ்சு ரசாயனியான அந்துவான் போமே 1768ல் உப்புக் கரைசலைக் கொண்டு வகுத்தது ஆதலால், அதன் எண் சர்க்கரையின் எண் அன்று. பிரிக்ஸ் 18 உள்ள சாறு ஒப்படர்த்தியில் சுமார் 1.074 காட்டும், போமேயில் 10 தான் காட்டும். இந்தப் பத்தைப் பிரிக்ஸ் என்று எண்ணி, முற்றிய கரும்பை இன்னும் நிறுத்திவைத்தால், சர்க்கரை சிதைந்து வெல்லம் இளகும். அவசரப்பட்டு வெட்டுவதும் நஷ்டமே: நூறு கிலோ சாற்றில் பிரிக்ஸ் 15க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் மூன்று கிலோ திடப்பொருள். விறகுச் செலவோ சற்றும் குறையாது.

வயலில் பல இடங்களிலிருந்து கரும்பெடுத்து, அடிப்பாதியையும் நுனிப்பாதியையும் தனித்தனியே பிழிக. இரண்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகும்போது கரும்பு முற்றியது எனக் கொள்ளலாம். சாற்றை வடிகட்டி, நுரை அடங்கியபின், உயரமான பாத்திரத்தில் ஊற்றுக. மானி பக்கங்களில் ஒட்டாமல் மிதக்க வேண்டும். கண்ணைச் சாற்றின் மட்டத்திற்குத் தாழ்த்தி, தண்டைச் சுற்றி ஏறிநிற்கும் விளிம்பை விடுத்துச் சமமான மட்டத்தில் வாசிக்க.

உஷ்ணத்தையும் மறத்தலாகாது. கருவி எந்த உஷ்ணத்திற்குச் செய்யப்பட்டது என்று காகிதத்திலேயே எழுதியிருக்கும். 20 டிகிரி சென்டிகிரேடுக்குச் செய்த மானியில் 30 டிகிரியுள்ள சாற்றைப் பார்த்தால், கண்ட பிரிக்ஸுடன் ஏறக்குறைய 0.7 கூட்டிக்கொள்க.

இன்னும் ஒன்று: கரைந்த உப்பையும் திரவமானி சர்க்கரையாகவே எண்ணும். உவர் நிலத்துக் கரும்பு நல்ல பிரிக்ஸ் காட்டியும் வெல்லம் கசிவது இதனாலேயே. அத்தகைய நிலத்தார் சாற்றின் தூய்மையையும் ரசாயனச் சோதனையால் அறிந்த பின்னரே ஆலை ஆட்டத் தொடங்குதல் நலம்.