வலிக்காத புண்

காலில் முள் குத்தினால் வலிக்கும். வலித்தால் உடனே குனிந்து பார்ப்போம். சர்க்கரை வியாதி பல ஆண்டுகளாக உள்ள பலருக்கு இந்தக் காவல் போய்விடுகிறது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து, பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. ரத்த ஓட்டமும் குறைந்தால் சிறு புண்கூட ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ எடுக்க நேரிடும். "வலி இல்லையே, பிறகு பார்க்கலாம்" என்று இருப்பதுதான் பேராபத்து.

வலி தெரியாத பாதம் எப்படிப் புண்ணாகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், 1914ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதே புண்ணுக்குக் காரணம் என்று காட்டினார். 1966ல் அமெரிக்கா சென்றபின், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துவந்த எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.

கொப்புளங்கள்

சிலருக்கு அடிபடாமலே, ஒரே இரவில், காலில் நீர்க் கொப்புளம் தோன்றும். வலியோ சுற்றிலும் சிவப்போ இராது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். அதை ஊசியால் குத்தி உடைக்கக் கூடாது, கிருமி புகுந்துவிடும். செருப்புக் கடித்தாலும் சூடு பட்டாலும் கொப்புளம்தானே வரும்? ஆகவே நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

செய்ய வேண்டியவை

1. தினமும் இரவில் உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்குகளைப் பாருங்கள்.

2. வட இந்தியக் குளிரில் ஹீட்டர் அருகே காலை நீட்டாதீர்கள். வெந்நீர்ப் பையும் வேண்டாம். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

3. வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். கோடையில் ஊருக்குப் போனால், கொதிக்கும் கோயில் பிராகாரத்தில் நண்பகலில் வெறுங்காலுடன் சுற்றாதீர்கள்.

4. ஷூவை உதறிப் பார்த்துவிட்டே அணியுங்கள்.

5. ஆணிக்கால், காய்ப்பு இவற்றைப் பிளேடால் சீவாதீர்கள்.

6. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தின் உணர்ச்சியை டாக்டரிடம் சோதியுங்கள். நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது.

7. புண், சீழ், நாற்றம், கருமை எது தென்பட்டாலும் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள்.

வயதானவர்களால் குனிந்து பார்க்க முடியாது. கண் பார்வையும் மங்கியிருக்கலாம். தாத்தா பாட்டியின் பாதங்களைப் பார்க்கும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தினமும் இரண்டு நிமிடம் போதும்; ஒரு காலைக் காப்பாற்றலாம்.