பல்லடைப்பும் பாதரசமும்

பல் போனாற் சொல் போம் என்பது நம்மனோர் பழமொழி. சொத்தைப்பல்லைப் பிடுங்காது காக்கும் வழிகளுள் இரசக்கலவையால் அடைத்தல் ஒன்று. நஞ்சாகிய பாதரசத்தை வாயில் வைத்தல் தகுமோ என்னும் ஐயம் நெடுநாளாய் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு ஏறக்குறைய அதே நிறையுள்ள பாதரசத்தைச் சேர்த்தால், குழைந்த கலவை உண்டாகும். சொத்தை நீக்கிய குழியில் அதனைச் செறித்தால், பாதரசம் ஏனை உலோகங்களோடு கூடிக் கட்டுண்டு இறுகிவிடும். இவ்வடைப்பு பொன்னினும் மலிவானது. மெல்லும் அழுத்தத்தைப் பல்லாண்டு தாங்குவது.

1833 இல் கிராகூர் உடன்பிறந்தார் இதனை நியூயார்க்கு நகரிற் பரப்பினர். அவர்கள் சொத்தையைக் களையாமலே அடைத்தமையின் பலருக்குப் பற்கள் கெட்டன. பொன்னால் அடைத்துவந்த மருத்துவர் வெகுண்டனர். 1840களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், இதனை வழங்கேம் என உறுப்பினரிடம் உறுதிமொழி கேட்டது. அப்பூசலால் நலிவுற்ற அச்சங்கம் 1856 இல் கலைந்தது. செய்வோர் குற்றமும் பொருளின் குற்றமும் அன்று வேறுபிரித்து உணரப்படவில்லை. பின்னர் 1890களில் பிளாக்கு என்னும் அறிஞர் உலோகங்களின் அளவை ஆராய்ந்து கலவையைச் செம்மை செய்தார்.

எனினும் அச்சம் முற்றும் வீணன்று. மெல்லுங்கால் இரச ஆவி மிகச் சிறிதளவு வெளிப்படுகின்றது. அதன் விளைவை அறிய, நியூ இங்கிலாந்தில் 534 சிறாரையும் லிஸ்பன் நகரில் 507 சிறாரையும் தெரிந்து, ஒருசாரார்க்கு இக்கலவையாலும் ஒருசாரார்க்கு வேறு பொருளாலும் பல்லடைத்து, ஆண்டுக்கணக்கிற் சோதித்தனர். 2006 இல் முடிவுகள் வெளிவந்தன. இக்கலவை வைக்கப்பட்ட சிறாரின் சிறுநீரில் இரசம் சற்று மிகுந்திருந்தது. ஆயினும் அறிவிலும் நினைவிலும் அவர்க்குக் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

அங்ஙனமாயின், மருத்துவர் இன்றியமையாததெனக் கருதும் இடம் ஒழிய, ஐரோப்பிய ஒன்றியம் இதனை 2025 முதல் விலக்கியது என்னை? வாயினும் நீர்நிலை பற்றிய கவலையே பெரிது. கழிவுநீரொடு சென்ற இரசம் நுண்ணுயிர்களால் மெதில் இரசமாகி, மீன் வழியே மாந்தரை அடையும். 1956 இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடுநோய்க்கு ஆலைக்கழிவிற் கலந்த மெதில் இரசமே காரணம். அவ்வூர்ப் பெயரால் 2013 இல் எழுந்த உடன்படிக்கை இக்கலவையின் வழக்கையும் குறைக்கப் பணித்தது.

ஆகவே, நன்னிலையிலுள்ள அடைப்பை அச்சத்தால் அகழ்வித்தல் நன்றன்று; அகழுங்கால் ஆவி மிகுதியாய் எழும். புதிதாய் அடைக்குமிடத்து, சிறாரும் கருவுற்ற மகளிரும் சிறுநீரக நோயுடையாரும் மாற்றுப்பொருளை நாடுதல் நலம். நஞ்சென்று கேட்டமாத்திரத்தில் நடுங்காது, எவ்வுருவில், எவ்வளவு, எவ்வழி என வினவித் தெளிதலே கற்றார்க்குக் கடனாம்.