நரம்பின் தூது

காலில் முள் தைத்தவுடனே கால் பின்வாங்குகிறது. இச்செய்தியை இத்துணை விரைவில் கொண்டு செல்பவை நரம்பணுக்கள். நம் மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவினுள் செய்தி மின் துடிப்பாக ஓடுகிறது. ஆயின், ஓரணுவின் முனைக்கும் அடுத்த அணுவிற்கும் இடையே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளி உண்டு. நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையிலும் இடைவெளி உண்டு. அதனைச் செய்தி கடப்பது எங்ஙனம்? மின்சாரமே தாவிச் செல்கிறது என்றனர் அறிஞர் சிலர். இரசாயனப் பொருளொன்று தூது செல்கிறது என்றனர் வேறு சிலர்.

இவ்வழக்கைத் தீர்க்க வழி கண்டவர் ஆட்டோ லோவி என்பவர். அவர் ஆஸ்திரியா நாட்டிலுள்ள கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக விளங்கினார். ஓரிரவு உறக்கத்தினிடையே அதற்கேற்ற சோதனையொன்று அவர் உள்ளத்தில் தோன்றிற்று. எழுந்து, தாளில் குறித்து வைத்து, மீண்டும் உறங்கினார். காலையில் தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க இயலவில்லை! மறுநாள் இரவு மூன்று மணிக்கு அவ்வெண்ணம் திரும்பவும் வந்தது. இம்முறை அவர் தாளை நம்பினாரல்லர். உடனே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

தவளைகளின் இதயங்கள் இரண்டை உப்புக் கரைசலில் துடிக்கச் செய்தார். ஒன்றில் வேகஸ் என்னும் நரம்பு இணைந்திருந்தது. மற்றதில் நரம்பு இல்லை. அந்நரம்பை அவர் மின்சாரத்தால் தூண்டவே, முதல் இதயத்தின் துடிப்பு வேகம் குறைந்தது. அதனுள் இருந்த கரைசலை எடுத்து இரண்டாம் இதயத்தில் செலுத்தினார். என்ன வியப்பு! அதன் வேகமும் குறைந்தது. நரம்பினின்று கரைசலில் கலந்த பொருளொன்றே தூது சென்றது என்பது தெளிவாயிற்று. 1921இல் லோவி இம்முடிவை வெளியிட்டார். அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதிப்பட்டது. 1936இல் அவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையும் பெரும்பாலும் இதுவே. மின் துடிப்பு முனையை அடைந்ததும், அங்குள்ள நுண்ணிய பைகள் தூதுப்பொருளைச் சொரிகின்றன. அது அடுத்த அணுவில் தனக்குரிய இடத்தில் சென்று பொருந்துகிறது. மின்சாரமே நேராகக் கடக்கும் இடங்களும் சில உண்டு.

இத்தூது தடைப்படின் உயிருக்கே கேடு விளையும். நல்ல பாம்பின் நஞ்சு, தசைகளில் அசிட்டைல்கோலின் பொருந்தும் இடங்களை அடைத்துவிடுகிறது. மூளை கட்டளையிட்டும் மூச்சுத் தசைகள் அசைவதில்லை. பாம்பு கடித்தவரைச் சற்றும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பது இதனாலன்றோ?