ஊசி போட்டும் சினை பிடிக்காத பசு: பரம்பரையின் பங்கு என்ன?

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பா அறுவடைக்குப் பின் வைக்கோலும், நெல் தரிசில் விளைந்த உளுந்தின் கொடியும் மாடுகளுக்குக் கிடைக்கின்றன. பண்ருட்டி பக்கத்துச் செம்மண் நிலங்களில் நிலக்கடலைக் கொடி கைகொடுக்கிறது. சித்திரை, வைகாசியில் பசுந்தீவனம் அருகிவிடுகிறது. இந்த நிலையில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துச் சங்கத்திற்குப் பால் ஊற்றும் சிறு விவசாயிக்கு, ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீணாகிறது. நான்கு பருவம் தவறினால் ஏறக்குறைய மூன்று மாதப் பால் வருமானம் தள்ளிப்போகிறது.

ஒரே கொட்டிலில் ஒரே தீவனம் தின்னும் இரு பசுக்களுக்கு ஒரே ஹார்மோன் ஊசி போட்டால், ஒன்று பருவத்திற்கு வந்து சினை பிடிக்கிறது. மற்றொன்று அசைந்து கொடுப்பதில்லை. மருந்தையோ மருத்துவரையோ குறை கூறுமுன் பசுவின் சினைப்பையைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

முட்டைகளின் கையிருப்பு

ஒரு கிடேரிக்கு வாழ்நாள் முழுவதற்குமான சினை முட்டைகள், அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு அந்த இருப்பு குறையுமே தவிரக் கூடுவதில்லை. ஒவ்வொரு பருவச் சுழற்சியிலும் இவற்றில் சில, நீர் நிறைந்த சிறு கொப்புளங்களாக வளர்கின்றன. அவற்றில் பொதுவாக ஒன்றுதான் முற்றி முட்டையை வெளிவிடும். ஹார்மோன் ஊசி புதிய முட்டையை உண்டாக்குவதில்லை. வளரக் காத்திருக்கும் கொப்புளங்களைத்தான் தூண்டுகிறது.

ஸ்கேன் கருவியில் பார்க்கும்போது ஒரு பசுவில் பத்துக்கும் குறைவான கொப்புளங்களும், அதே இனத்தைச் சேர்ந்த, அதே வயதுள்ள இன்னொன்றில் ஐம்பதுக்கும் மேலும் காணப்படுகின்றன. ஒரு பசுவில் இந்த எண்ணிக்கை அடுத்தடுத்த பருவங்களில் பெரிதும் மாறுவதில்லை. கருமாற்றத்திற்காக அதிக முட்டைகளை வெளிவிடச் செய்யும் ஊசிகளைப் போடும்போது, சில பசுக்கள் பத்துக்கு மேல் கருக்களைத் தருவதும் சில பசுக்கள் ஒன்றுகூடத் தராததும் இதனால்தான் பெரும்பாலும் நேர்கிறது.

பரம்பரை எவ்வளவு?

கொப்புள எண்ணிக்கையில் பசுவுக்குப் பசு காணும் வேறுபாட்டில், பத்தில் சுமார் மூன்று பங்கு பரம்பரையால் வருவதாகக் கறவை மாடுகளில் கணக்கிடப்பட்டுள்ளது. திமில் உள்ள நம் நாட்டு இனங்களில் இந்த எண்ணிக்கை பொதுவாக வெளிநாட்டு இனங்களைவிட அதிகம். எருமையின் கையிருப்போ பசுவினுடையதைவிட மிகக் குறைவு. ஆகவே எருமைக்கு ஊசி போட்டுப் பசுவைப் போன்ற பலனை எதிர்பார்ப்பது சரியாகாது.

ஒரே ஒரு மரபணு சினைப்பையின் போக்கையே மாற்றும் என்பதற்கு வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் காரோல் செம்மறி ஆடு சான்று. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகளை ஈனும் இதன் குணத்திற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001ல் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிர மாநிலம் பல்தானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், அம்மரபணுவைத் தக்காணி செம்மறி ஆட்டில் சேர்த்து, இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளை உருவாக்கியது.

ஆனால் சினை பிடிக்காமை முழுவதையும் பரம்பரையின் மேல் போட்டுவிடக் கூடாது. சினை பிடிப்பதில் காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே. தீவனக் குறை, தவறான நேரத்தில் சினை ஊசி, கருப்பை நோய் ஆகியவையே பெருங்காரணங்கள்.

தாயின் தீவனம், மகளின் சினைப்பை

அயர்லாந்தில் நடந்து 2013ல் வெளியான ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. சினை ஊசி போடுவதற்குச் சில நாள் முன்பிருந்து 110ஆம் நாள் வரை கிடேரிகளுக்கு அரைகுறைத் தீவனம் தரப்பட்டது. அவை ஈன்ற பெண் கன்றுகளின் சினைப்பையில் கொப்புளங்கள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. சினையின் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் தீவனத்தைக் கூட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. முதல் மூன்றரை மாதமும் அதே அளவு முக்கியம். கோடையில் சினையாகும் பசுவிற்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. காளைக் கன்றுடன் இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடாகவே இருக்கும். மருத்துவரிடம் காட்டாமல் இதைச் சினைக்காக வளர்க்க வேண்டாம்.

2. கலப்பினக் கிடேரி இரண்டு வயதாகியும் பருவத்திற்கு வராவிட்டால், கால்நடை மருத்துவரைக் கொண்டு சினைப்பையையும் கருப்பையையும் பரிசோதிக்க வேண்டும்.

3. ஊசிக்கு முன் தீவனத்தைச் சீர்செய்க. குடற்புழு நீக்கம் செய்து, தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்க வேண்டும். வரப்பில் அகத்தியும், சிறிது நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வளர்த்தால் கோடையைச் சமாளிக்கலாம்.

4. காலையில் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போட வேண்டும்.

5. மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்காவிட்டால், நான்காவது முறைக்கு முன் பரிசோதனை அவசியம். சினைப் பரிசோதனை செய்யாமல் பருவத்தைத் தூண்டும் ஊசி போடுவது ஆபத்து. சில ஊசிகள் உள்ள சினையையும் கலைத்துவிடும்.

6. ஒரு நோட்டில் தாய்ப்பசுவின் முதல் ஈற்று வயது, ஈற்று இடைவெளி, சினை ஊசிக் குழலில் அச்சிட்ட காளை எண் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு காளையின் மகளுக்கு அதே காளையின் விந்தைப் போடக் கூடாது.

எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது?

நல்ல தீவனமும் முறையான சிகிச்சையும் கிடைத்தும் ஈற்றுக்கு ஈற்று சினை பிடிக்கத் திணறும் பசுவின் கிடேரிகளைத் தொழுவத்தின் அடுத்த தலைமுறையாக வைத்துக்கொள்ள வேண்டாம். பால் சற்றுக் குறைந்தாலும் ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் பசுவின் கிடேரியே சிறு விவசாயிக்கு ஏற்றது. சந்தையில் கிடேரி வாங்குவோரும் தாயின் கறவையை மட்டும் கேட்காமல், அது எத்தனை மாதத்திற்கு ஒரு முறை ஈன்றது என்பதையும் கேட்டறிந்து வாங்க வேண்டும்.