உப்புத்தாளைக் கீழே வை, தம்பி

அமெரிக்காவுக்குப் போய் வேலையில் காலூன்றி, வார இறுதியில் கை சும்மா இருக்க மறுக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கி சேகரிக்க ஆசை வந்துவிட்டதா? ஆரம்பிக்கும் எல்லோருக்கும் முதலில் கையில் சிக்குவது மோசின்-நகாந்த் ரைஃபிள்தான். 1891-ல் ஜார் மன்னரின் படைக்கு வந்தது. இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் இன்னும் கிடைக்கிறது. 2000-களில் நூறு டாலருக்குள் கடைகளில் அடுக்கி வைத்து விற்றார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் பல நூறு டாலர் எடுத்து வைக்க வேண்டும். அதனால்தான் கவனம் வேண்டும் என்கிறேன்.

வாங்கும்போது துப்பாக்கியின் அழகைப் பார்க்காதே, எண்ணைப் பார். குழலின் அடிப்பாகம், போல்ட், மேகசின் அடித்தட்டு, மரக்கட்டையின் பின்முனையில் உள்ள இரும்புத் தகடு ஆகிய நான்கு இடத்திலும் சீரியல் நம்பர் இருக்கும். நான்கும் ஒன்றாக இருந்தாலே தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்பிவிடாதே. போருக்குப் பின் சோவியத் ராணுவக் கிடங்குகளில் இவற்றை மொத்தமாகப் பிரித்து, பழுது பார்த்து, கையில் கிடைத்த பாகங்களைக் கோத்து, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்தார்கள். எழுத்து மின்பேனாவால் கிறுக்கியது போல இருந்தால் அது கிடங்கில் சேர்த்த ஜோடி. தவறில்லை, வாங்கலாம், விலையை மட்டும் அதற்கேற்பக் கொடு.

அடுத்து முத்திரை. நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை. ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூடு, பட்டை பட்டையாக இருந்தால் 1930-களின் நடுவுக்கு முந்தையது, உருண்டையாக இருந்தால் பிந்தையது. 1942, 43 ஆண்டு போட்ட இஷெவ்ஸ்க் ரைஃபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் கடைசல் எந்திரத்தின் கோடுகள் அப்படியே தெரியும். போர் முனைக்கு அவசரமாக அனுப்பியதால் வழவழப்பாக்க யாருக்கும் நேரமில்லை. அந்தச் சொரசொரப்பைப் பார்த்து 'தரம் மோசம்' என்று ஒதுக்காதே. எனக்கு அந்த வருடங்கள்தான் பிடிக்கும்.

[எஸ்ஏ] என்று பெட்டிக்குள் எழுத்து இருந்தால் ஃபின்லாந்து ராணுவத்தின் சொத்து. ஃபின்லாந்துக்காரர்கள் ரிசீவரைத் தாங்களே செய்யவில்லை; ரஷ்ய ரிசீவரை எடுத்து, தங்கள் குழலையும் கட்டையையும் பொருத்திக்கொண்டார்கள். எம்-39 வகையை வாங்கினால் மரக்கட்டையைக் கழற்றி, ரிசீவரின் வால்பகுதியில் உள்ள ஆண்டைப் பார். 1898 அல்லது அதற்கு முந்தையது என்றால் அமெரிக்க மத்திய சட்டத்தில் அது 'புராதனப் பொருள்'. குழலில் 1942 என்று இருந்தாலும் கணக்குக்கு வருவது ரிசீவரின் ஆண்டுதான்.

கதைக்குக் காசு கொடுக்காதே. ஸ்னைப்பர் லுத்மிலா பவ்லிசென்கோ 309 பேரைச் சுட்டதாக சோவியத் கணக்கு. ஃபின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா பெயரும் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் சாதாரண ரைஃபிளில் துளை போட்டு, புதிதாகச் செய்த பி.யு. தொலைநோக்கியை மாட்டி, மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். அசல் ஸ்னைப்பர் ரைஃபிளில் தொலைநோக்கியின் எண் குழலின் இடப்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார். விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார். சிப்பாய்கள் வாய்ப்பக்கமிருந்தே கம்பி விட்டுத் துடைத்ததால், முனையில் உள் வரிகள் தேய்ந்திருப்பது சகஜம்.

கைக்கு ஒட்டும் பழுப்பு நிறப் பசை காஸ்மோலின். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. இரும்புப் பாகங்களைச் சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு அலசி, ஈரம் போனதும் உடனே எண்ணெய் தடவு. 'உடனே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். காபி குடித்துவிட்டு வந்தால் துரு முந்திக்கொள்ளும். மரக்கட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வை. பசை வியர்வை போலக் கசியும். பழைய துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வை. அவசரம் கூடாது. மிச்சத்துக்கு மினரல் ஸ்பிரிட் போதும். ஆல்கஹால் தொடவே தொடாதே. சோவியத் கட்டைகளின் மேல் சிவப்பு மினுமினுப்பு இருக்கிறதே, அது அரக்குப் பூச்சு. நம் ஊர் மரப் பொம்மைக்குப் பூசும் அதே அரக்குதான். ஆல்கஹால் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். கட்டை அழுக்காக இருக்கிறதென்று உப்புத்தாள் எடுத்துத் தேய்த்து, கடையில் வாங்கிய வார்னிஷைப் பூசி, 'பளபளன்னு ஆச்சு பாரு அக்கா' என்று படம் அனுப்புகிறார்கள். கோயிலைச் சுத்தம் செய்கிறேன் என்று மணல் பாய்ச்சிக் கல்வெட்டைத் தொலைத்த கதைதான். மரத்தில் குத்திய கிடங்கு முத்திரையும் சிப்பாயின் கைபட்ட தடமும் போனது போனதுதான், விலையும் அதோடு போகும். புதிதாக நீலச்சாயம் ஏற்றுவது, போல்ட்டைக் கண்ணாடி போல மெருகேற்றுவது எல்லாமும் இந்தக் கணக்கில்தான் சேரும். துரு இருந்தால் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல் கொண்டு துருவை மட்டும் எடு. அத்தோடு நிறுத்து. பழுது பார்ப்பது என்றால் கெடாமல் காப்பது, இளமையாக்குவது அல்ல.

போல்ட் திறக்க அடம்பிடித்தால் சுத்தியல் தேடாதே. பெரும்பாலும் தோட்டா உட்காரும் அறையில் பழைய காஸ்மோலின் இறுகியிருக்கும். பிரஷ் விட்டுச் சுரண்டினால் சரியாகிவிடும்.

சுடும் ஆசையும் இருந்தால், முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து 'ஹெட்ஸ்பேஸ்' அளவை, அதாவது போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளியை, கருவி வைத்துப் பார்க்கச் சொல். போல்ட் வேறு ரைஃபிளிலிருந்து வந்திருக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதனால்தான். சுடுமுள் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதை நீயே பார்க்கலாம். ரைஃபிளோடு வரும் சிறிய ஸ்குரூடிரைவரின் ஓரத்தில் 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். முள் 75-ல் தொட வேண்டும், 95-ல் தொடக்கூடாது. நூறு வருடத்துக்கு முந்தைய படையின் அளவுகோல், இன்றும் பொய் சொல்லாது.

தகர டப்பாவில் வரும் பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டால், அன்றைக்கே குழலைக் கழுவ வேண்டும். அதன் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவம்தான் மருந்து என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதில் வேலை செய்வது தண்ணீர்தான், காசை மிச்சப்படுத்து. சுடுநீர் ஊற்று, உலர்ந்த துணி விடு, பிறகு எண்ணெய். சோவியத் சிப்பாய்க்குக் கொடுத்த தகரப் புட்டியிலேயே இரண்டு அறைகள் உண்டு: ஒன்றில் காரக் கரைசல், மற்றதில் எண்ணெய். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடைசியாகக் காகித விஷயம். 50 வருடம் கடந்தவற்றைச் சேகரிக்க அமெரிக்காவில் '03' என்ற தனி உரிமம் உண்டு; வாங்கிக்கொள். மாநிலச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், பணம் கட்டும் முன்பே படி. செயலிழக்கச் செய்து விற்ற துப்பாக்கியைத் திரும்ப இயங்க வைக்கலாம் என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே, அது ஜெயிலுக்கான வழி. ஊருக்கு விடுமுறையில் வரும்போது பெட்டியில் ஒரு தோட்டா உறைகூட இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால், ரைஃபிளுக்கு முன்னால் பூட்டுள்ள இரும்பு அலமாரியை வாங்கு.